கல் சிங்கத்தின் நெஞ்சில் ஒரு பள்ளம்

பாப்பாவின் அம்மாவுக்கு,

நான் நலம். உன் காய்ச்சல் விட்டதா? அதை முதலில் எழுது.

பதறாதே, சின்ன விஷயம்தான். இங்கே கோட்டை வாசலில் காவலுக்கு ஒரு கல் சிங்கம் நிற்கிறது. போரில் கோட்டையே இடிந்தும் அது மட்டும் தப்பியதாம். பீடத்தைப் பூசத்தான் என்னை அனுப்பினார்கள். சிங்கத்தின் நெஞ்சில் குண்டு பாய்ந்த பள்ளங்களைப் பார்த்ததும் கொத்தனார் கை சும்மா இருக்குமா? ஒன்றை அடைத்துவிட்டேன்.

மேஸ்திரி ஓடிவந்தார். "யோவ், அந்த ஓட்டையைப் பாக்கத்தான்யா ஜனங்க வர்றாங்க!"

காய்வதற்குள் சுரண்டி எடுத்துவிட்டேன். ஆனாலும் நாளை ஆபீசுக்கு வரச் சொல்லியிருக்கிறார்கள். அதற்குமுன் உனக்கு எழுதிவிடலாம் என்று உட்கார்ந்தேன்.

பாப்பா சைக்கிளை மோதிச் சுவரில் விழுந்த பள்ளத்தைப் பூசச் சொன்னேனே, பூசாதே. எங்களை அறைக்கு ஏற்றிப்போகும் வேன் வந்துவிட்டது, முடிக்கிறேன். அவள் சைக்கிள் பழகியதைத்தான் பார்க்கவில்லை, அந்தப் பள்ளத்தையாவது வந்து பார்க்கிறேன்.