அரளி பறிக்காத நாள்

ஆவணி 4, வெள்ளி

காலையிலேயே புழுக்கம். கொல்லிமலை உச்சியில் மேகம். இறங்கி வரும் என்று நம்பினேன். வரவில்லை.

இந்த மாதம் கோயில் பூசை என் முறை. பங்காளிகள் ஆளுக்கொரு மாதம். விடிகாலை செல்லாண்டியம்மனுக்கு விளக்கு, பிறகு பட்டறையில் லாரிகளுக்குப் பெயிண்ட், சாயங்காலம் மறுபடி கோயில். எவ்வளவு கழுவினாலும் கையில் தின்னர் வாசம் போவதில்லை, நான் கொடுக்கும் விபூதியிலும் அதே வாசம். ஆத்தாளுக்கும் பழகியிருக்கும் என்கிறாள் என் மனைவி சரசு.

ஒரு தம்பதி பூ கேட்க வந்தார்கள். கோழிப்பண்ணையை விற்பதா, வேண்டாமா என்று. வெள்ளை நந்தியாவட்டை ஒரு பொட்டலம், செவ்வரளி ஒரு பொட்டலம். இரண்டும் வாழையிலையில், ஒரே மாதிரி நார் முடிச்சு. வழக்கம்போல் சரசுதான் கட்டிக் கொடுத்தாள். அவள் கட்டினால் எதில் எது என்று எனக்கே தெரியாது. அந்த அம்மாள் எடுத்தது சிவப்பு. உத்தரவு இல்லை. வீட்டுக்காரர் முகத்தில் அப்படி ஒரு நிம்மதி! விற்கச் சொன்னது அந்த அம்மாளாகத்தான் இருக்கும். எடுக்காத பொட்டலத்தைப் பிரிக்காமல் கிணற்றில் போட்டேன். பிரித்துப் பார்க்கக் கூடாது, முறை அது.

சாயங்காலம், போர் போடும் ரிக் லாரி டிரைவர் ஒருவன். பைக்கை விட்டு இறங்கவே இல்லை. ஒரு கால் தரையில், செருப்போடு. வாசலில் இருந்தே, "ஆத்தா, ஆந்திரா போறேன். பாத்துக்க. வாரேன்." அவ்வளவுதான். எனக்குச் சுள்ளென்று ஏறிவிட்டது.

"இதென்ன பஸ் ஸ்டாண்டா? காலைக் கழுவிட்டு உள்ள வந்து கும்பிட்டா என்ன?"

"வண்டி ரோட்டுல நிக்குதுங் சாமி. ஆத்தாளுக்குத் தெரியும்."

போய்விட்டான். தெரியுமாம்.

கோயில் படி ஏறும்போது சரசுக்கு மறுபடி மூச்சு வாங்கியது. பாதியில் உட்கார்ந்துவிட்டாள். திங்கள் கட்டாயம் சேலம்.

ஆவணி 7, திங்கள்

சேலம் ஆஸ்பத்திரி. பஸ்ஸில் கூட்டம், சரசுக்கு ஜன்னலோரம் பிடித்துக் கொடுத்தேன். மகள் கவிதா ஓமலூரிலிருந்து நேராக அங்கே வந்துவிட்டாள்.

சின்ன வயசு டாக்டரம்மா. பொறுமையாகச் சொன்னார். இதயத்தில் ஒரு வால்வு சுருங்கிப்போயிருக்கிறது. மாற்ற வேண்டும். தள்ளிப்போடத் தள்ளிப்போட ஆபத்து. ஆபரேஷன் நடக்கும்போது இதயத்தை நிறுத்தி வைத்து, மெஷின் மூலம் ரத்தத்தை ஓட்டுவார்களாம்.

சரசு கேட்டாள்: "ஓடற இன்ஜினை நிறுத்திப்போட்டு, மறுபடி செல்ப் எடுக்கலைன்னா? தள்ளி உட ஆள் வெச்சிருக்கீங்களா?"

டாக்டரம்மா சிரித்துவிட்டார். "எடுக்கும்மா. ஆனா சின்ன ரிஸ்க் இருக்கு, இல்லைன்னு சொல்ல மாட்டேன்." கவிதா சிரிக்கவில்லை. நானும்.

திரும்பும் வழியில் ராசிபுரத்தில் வெள்ளரிப்பிஞ்சு வாங்கினேன். சரசு சாப்பிடவில்லை.

ஆவணி 8, செவ்வாய்

லேசான தூறல். புழுதி அடங்கவில்லை.

சரசு ஆபரேஷன் வேண்டாம் என்கிறாள். கவிதா போனில் அழுகிறாள். "அப்பா, நீங்களாச்சும் எடுத்துச் சொல்லுங்க." நானும் சொன்னேன். கத்தியும் பார்த்தேன். மசியவில்லை. கடைசியில் அவளே ஒரு வழி சொன்னாள்.

"பூ கேக்கலாங்க. வெள்ளை வந்தாப் போறேன். செவப்பு வந்தா என்னை உட்டுருங்க. இருக்கிற வரைக்கும் ஊட்டுல இருந்துக்கறேன்."

முறைக்காரன் தன் வீட்டு விஷயத்துக்குப் பூசை செய்து பூ கேட்கக் கூடாது. இன்னொரு பங்காளிதான் செய்ய வேண்டும். முத்துசாமி அண்ணனிடம் போய்ச் சொன்னேன். வெள்ளிக்கிழமை வருகிறார்.

ஊருக்கெல்லாம் பூப் போட்டுக் கொடுத்தவன். சிவப்பு வந்தால், "ஆத்தா வேண்டாங்கறா, உட்டுருங்க" என்று எத்தனை பேரிடம் எவ்வளவு சுளுவாகச் சொல்லி அனுப்பியிருக்கிறேன்!

ஆவணி 9, புதன்

பட்டறை. புது லாரி ஒன்று பாடி கட்டி முடிந்து வந்திருக்கிறது. நெற்றியில் 'செல்லாண்டியம்மன் துணை'. ஓனருக்கு எழுத்து பெரிதாக வேண்டுமாம், எதிரே வருகிறவன் தூரத்திலேயே படிக்க வேண்டுமாம். மஞ்சளில் எழுதி சிவப்பில் நிழல் கொடுத்தேன். சிவப்பு டப்பாவைத் திறந்ததும் கை நின்றுவிட்டது. வெறும் பெயிண்ட். இருந்தாலும்.

மத்தியானம் நானே தீர்மானித்துக்கொண்டேன்: சரசு ஆபரேஷனுக்குப் போகிறாள். எது வந்தாலும் போகிறாள். எப்படி என்று மட்டும் தெரியவில்லை.

ஆவணி 10, வியாழன்

நாளைக்குப் பொட்டலம் கட்ட வேண்டும். பூசை அண்ணன் செய்தாலும் பொட்டலம் கட்டுவது முறைக்காரன் வீட்டு வேலை; கேள்வி சரசுடையது, அதனால் அவள் கட்டக் கூடாது. நான்தான்.

சாயங்காலம் கோயில் கிணற்றோரம் போனேன். அரளிச் செடி கொள்ளாமல் பூத்திருக்கிறது. கை நீட்டினேன். பறிக்க முடியவில்லை. இந்தப் பூ அவள் கைக்குப் போய்விட்டால் என்ன செய்வேன்?

நந்தியாவட்டை மட்டும் பறித்தேன். இரண்டு பொட்டலத்துக்கும்.

எழுதிவிட்டேன். கிழிக்கப் போவதில்லை. அம்மன் பார்த்துக்கொண்டுதான் இருந்தாள். எனக்குத் தெரியும், அவளுக்கும் தெரியும். தண்டனை இருந்தால் எனக்கு.

ஆவணி 11, வெள்ளி

நல்ல வெயில். கவிதா முதல் பஸ்ஸுக்கே வந்துவிட்டாள். மு. அண்ணன் குளித்து ஈர வேட்டியோடு பூசை செய்தார். நான் தூணோரம். சரசு கண்ணை மூடி வெகு நேரம் நின்றாள். உதடு அசைந்தது, என்ன சொன்னாள் என்று கேட்கவில்லை.

"எடு சாமி" என்றார் அண்ணன்.

எடுத்தாள். பிரித்தார். வெள்ளை.

கவிதா அம்மாவைக் கட்டிக்கொண்டாள். அண்ணனுக்குக் கண் கலங்கிவிட்டது. "ஆத்தா உத்தரவு குடுத்துட்டா. இனி என்னம்மா ரோசனை?" நான் சிரித்தேன் என்று நினைக்கிறேன். முகம் மரத்துப்போயிருந்தது.

மிச்சப் பொட்டலத்தைக் கிணற்றில் போட வேகமாக எடுத்தேன். சரசு கையை நீட்டினாள்.

"குடுங்க, நான் போடறேன்."

"நீ எதுக்கு மேடேறோணும்? மூச்சு வாங்கும்."

"வாங்கட்டும். குடுங்க."

கொடுத்தேன். மெதுவாக நடந்து போனாள். கிணற்று மேட்டில் எங்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு சற்று நேரம் நின்றாள். திரும்பி வந்தாள். "டாக்டரம்மாவுக்குப் போனைப் போடு" என்று கவிதாவிடம் சொன்னாள். அவ்வளவுதான். முடிந்தது.

செவ்வாய் சேர்க்கிறோம். வியாழன் ஆபரேஷன்.

ஆவணி 12, சனி

விடிகாலை கோயில் வாசல் வரை போய்விட்டேன். சாவி கையில். உள்ளே போகக் கால் வரவில்லை. மந்திரம் ஒன்றும் வாயில் நிற்கவில்லை. இத்தனை வருஷம் சொன்ன போற்றி, முதல் வரியே மறந்துவிட்டது.

நின்ற இடத்தில் நின்றே பேசினேன். அப்படியே எழுதி வைக்கிறேன்:

"ஆத்தா, நான் பண்ணுனது தப்பு. உன்னக் கேக்காமயே உன் பேர்ல உத்தரவு குடுத்துட்டேன். என்னைய என்ன வேணா பண்ணிக்க. அவளை மட்டும் காப்பாத்திக் குடு. எனக்கு வேற சொல்லத் தெரியல."

முடித்துக் குனிந்து பார்த்தால், காலில் செருப்பு. அந்த ரிக் லாரிக்காரனாவது பைக்கில் இருந்தான். நான் வாசற்படியிலேயே மிதித்துக்கொண்டு நிற்கிறேன். வெட்கமாகப் போய்விட்டது. அவன் ஊர் போய்ச் சேர்ந்தானா தெரியவில்லை. அவனுக்கும் சேர்த்து ஒரு வார்த்தை சொன்னேன்.

பிறகு செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே போய் விளக்குப் போட்டேன். திரி ஈரம், பிடிக்க நேரமாயிற்று. பிடித்தது.

ஆவணி 15, செவ்வாய்

கிளம்பும்போது மழை. நல்ல மழை. பூசையை மு. அண்ணன் ஏற்றுக்கொண்டார்.

எடுத்து வைத்தது: பழைய ரிப்போர்ட், ஆதார், போர்வை, பிளாஸ்க், சரசுக்கு இரண்டு நைட்டி (புடவையே போதும் என்கிறாள்), விபூதி, போன் சார்ஜர், இந்த நோட்டு. மறந்தது: என் கண்ணாடி. கவிதா எடுத்து வரப் போயிருக்கிறாள்.

வார்டில் பக்கத்துப் படுக்கை ஆத்தூர்க்கார அம்மா. போன வாரம் இதே ஆபரேஷன். எழுந்து நடக்கிறார். "பயப்படாத, பெல்டைக் கட்டி விட்டுட்டா நெஞ்சு வலி தெரியாது" என்று சரசுக்குத் தைரியம் சொன்னார். சரசுக்குத் தைரியம் தேவைப்படவே இல்லை. நன்றாகச் சாப்பிட்டாள். நர்ஸிடம் தாலிக்கொடி எப்போது கழற்ற வேண்டும் என்று அவளே விசாரித்து வைத்துக்கொண்டாள்.

போன வாரம் செத்தாலும் வர மாட்டேன் என்றவள். எங்கிருந்து வந்தது இவ்வளவு உறுதி? என் பொய்யை நம்பி வந்தது. அது நினைப்புக்கு வரும்போதெல்லாம் எழுந்து வராந்தாவில் நடக்கிறேன்.

ஆவணி 17, வியாழன்

ஆபரேஷன் தியேட்டர் வாசல். இரும்பு நாற்காலி. கவிதா டீ வாங்கப் போயிருக்கிறாள். அதற்குள் எழுதிவிட வேண்டும்.

காலையில் பச்சை அங்கி மாட்டிக் கூட்டிப் போக வந்தார்கள். சரசு தாலிக்கொடி, தோடு எல்லாம் கழற்றினாள். கைக்குட்டையில் முடிந்து கொடுப்பாள் என்று பார்த்தேன். கழற்றிப் போட்ட புடவையின் முந்தானையில் ஏதோ முடிச்சு. அதை அவிழ்த்தாள். உள்ளே வாடிய வாழையிலை, நார் முடிச்சு. என் முடிச்சு.

"கெணத்துல போடலீங்க" என்றாள். "பிரிக்கவும் இல்ல. இதுவும் வெள்ளைதான?"

தலையை ஆட்டினேன்.

"தெரியும். வெள்ளிக்கெழம காலைல அரளிக்குத் தண்ணி ஊத்துனேன். முந்தின நாள் பார்த்த பூவெல்லாம் அப்படியே இருந்துது. ஒண்ணு கூடப் பறிக்கல."

"அப்பறம் எதுக்குடி எடுத்த? எதுக்கு வந்த?"

"வாசல்ல செருப்போட நின்னாலே சாமி குத்தம்னு குதிக்கற ஆளு நீங்க. செவப்பு என் கைக்கு வந்துருமோன்னு சாமியவே ஏமாத்தத் துணிஞ்சுட்டீங்க. அவ்வளவு பயந்திருக்கீங்க பாருங்க. அதைப் பார்த்தப்பறந்தான் எனக்குப் பயம் போச்சு."

ஸ்ட்ரெச்சரைத் தள்ள ஆரம்பித்துவிட்டார்கள். கூடவே நடந்தேன். என் கையை இழுத்துப் பொட்டலத்தை வைத்து மூடினாள்.

"கெணத்து மேட்டுல நின்னு ஆத்தாகிட்டச் சொல்லிப்போட்டேன். இந்த மனுசன் பண்ணுனத மனசுல வெச்சுக்காத, அவரு எனக்காகத்தான் பண்ணுனாருன்னு. கேட்டுக்குவா. நீங்க போய் உக்காருங்க. வாரேன்."

கதவு மூடிவிட்டது.

தன் உயிருக்கு என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை அவள். நான் அவளுக்குக் கேட்டேன், அவள் எனக்குக் கேட்டிருக்கிறாள்.

எத்தனை லாரி நெற்றிக்கு எழுதியிருப்பேன்! ஒருவன் கூட 'உத்தரவு' என்று எழுதச் சொன்னதில்லை. எல்லோரும் எழுதச் சொல்வது 'துணை'. ரோடு எப்படி இருக்கும் என்று யாரும் ஆத்தாளைக் கேட்பதில்லை. கூட வா என்கிறார்கள், வண்டியை எடுக்கிறார்கள். வயிற்றுப்பாட்டுக்கு எழுதினேனே தவிர, நான் அதைப் படித்ததே இல்லை.

இப்போது இதயத்தை நிறுத்தியிருப்பார்கள்.

ஆத்தா, கேள்வி ஒன்றும் இல்லை. பூவும் வேண்டாம். உள்ளே அவள் தனியாக இருக்கிறாள். போய்ப் பக்கத்தில் நில். நான் இங்கே இருக்கிறேன், எங்கும் போக மாட்டேன்.

ஆத்தா, அவள் பக்கத்தில் நில்.

பக்கத்தில் நில்.

கவிதா டீயோடு வருகிறாள். கதவு திறக்கிறது. "சரஸ்வதி ஊட்டுக்காரர் யாருங்க?" என்கிறார் நர்ஸ். நான்