அக்காவின் செத்தவீடு, நொடிக்கு இருபத்தைந்து படம்

ஜனவரி 19, ஞாயிறு
ஊரிலிருந்து, மட்டக்களப்பிலிருந்து, பிளேனேறி வந்த ஒருவர் பென் டிரைவைக் கொண்டுவந்து தந்துவிட்டுப் போனார். அதில் மனோரஞ்சிதம் அக்காவின் செத்தவீட்டு வீடியோ. நான் போகவில்லை; முதுகில் ஒப்பரேசன் செய்து ஐந்து கிழமைதான். அக்காவின் மகள் மிதுஷாவும் போகவில்லை. எட்டு மாதக் கர்ப்பிணியை எந்தப் பிளேனில் ஏற்றுவார்கள்?

டிவிக்குப் பக்கத்திலுள்ள பிளேயர் பெட்டியில் போட்டேன். சவப்பெட்டியைத் தூக்கி நடக்கும்போது எல்லோரும் வெட்டி வெட்டி நடக்கிறார்கள். பதினாலு தரம் போட்டுப் பார்த்தேன். அழுகை வரவில்லை.

இங்கே விட்பியில் இருக்கும் மிதுஷா போன் எடுத்தாள். “மாமா, வீடியோ வந்திட்டா?”

வந்தது, ஆனால் வெட்டுது, சரிசெய்துபோட்டுச் சொல்கிறேன் என்றேன்.

என் மனுசி பக்கத்திலேயே நின்றாள். “வயித்தில பிள்ளையோட செத்தவீடு பாக்கக்கூடாது. காட்டிப்போடாதீங்க.”

ஜனவரி 20
ஒன்றுமில்லை. மருந்து, நித்திரை.

ஜனவரி 22
கீழ்மாடி அலெக்ஸாண்டர் அண்ணை வந்து பார்த்தார். ஊரில் எடுத்த வீடியோ நொடிக்கு இருபத்தைந்து படமாம். இங்கத்தைய டிவி நொடிக்கு அறுபது தரம் புதுப்பிக்குமாம். சரியாகப் பங்குபோகாததால் ஒரு படம் இரண்டு தரம், இன்னொன்று மூன்று தரம் வருகிறதாம். அதுதான் வெட்டு. “பிளேயருக்குள்ள உந்த ரிஃப்ரெஷ் ரேட் மாத்திறதை ஆரோ பூட்டி வைச்சிருக்கினம், தங்கத்துரை.” அந்தப் பூட்டை எடுத்துவிட்டார். டிவி கறுத்து, சிக்னல் இல்லை என்றது.

ஜனவரி 25, சனி
பிளேயருக்கும் டிவிக்கும் இடையிலிருந்த சவுண்ட் பெட்டியைக் கழற்றி, வயரை நேரே டிவிக்குக் கொடுக்கச் சொன்னார் அண்ணை. கொடுத்தேன். டிவி ஐம்பதுக்கு மாறியது. வெட்டே இல்லை. தண்ணிபோல ஓடுகிறது.

தூக்கி நடப்பவர்களின் கால்களை மட்டும்தான் பார்த்தேன். அக்காவின் முகத்துக்குக் கமரா போனதும் தள்ளி ஓடவிட்டேன்.

மிதுஷா எடுத்தாள். “இன்னும் சரிவரல்ல மகள்” என்றேன். வாயில் அப்படித்தான் வந்தது. மனுசி தேத்தண்ணி கொண்டுவந்து வைத்தாள்.

ஜனவரி 29
உண்மையாகவே ஒரு பிழை கண்டுபிடித்தேன். டிவி அறுபதிலிருந்து ஐம்பதுக்கு மாறும்போது முதல் மூன்று செக்கன் கறுப்பு. ஒரே சந்தோசம்! சீ, என்ன மனிசன் நான்?

மிதுஷாவிடம் சொன்னேன்.

“மூண்டு செக்கனா? மூண்டு செக்கனுக்காகவா மாமா?”

மாறியபின் நாலு செக்கன் பொறுத்து ஓடும்படி பிளேயரில் அமைக்கலாம். இரண்டு நிமிட வேலை. செய்யவில்லை.

பெப்ரவரி 1, சனி
சொல்லாமல் கொள்ளாமல் வந்துவிட்டாள். புருசன் நிரூபன் கைபிடித்துக் கூட்டிவந்தான். சப்பாத்தைக்கூடக் கழற்றாமல் சோபாவில் இருந்தாள்.

“போடுங்க மாமா.”

“பிள்ளைக்குக் கூடாது மகள்” என்றாள் மனுசி.

“என்ட அம்மாவை நான் பாக்கிறதில என்ன கூடாது மாமி?”

போட்டேன். மூன்று செக்கன் கறுப்பு. பிறகு அக்கா. மூக்கில் பஞ்சு, நெற்றியில் பெரிய பொட்டு. மிதுஷா வயிற்றில் கைவைத்தபடி குரலெடுத்து அழுதாள். எனக்கு ஒன்றும் வரவில்லை. மரக்கட்டை மாதிரி இருந்தேன்.

முடிந்ததும் முகத்தைத் துடைத்துக்கொண்டு கேட்டாள்: “ஒழுங்காத்தானே ஓடுது. எப்ப சரிவந்த?”

“சனிக்கிழமை.”

“இண்டைக்கா?”

“போன சனி.”

தேத்தண்ணி குடிக்காமல் போனாள்.

பெப்ரவரி 11
மிதுஷாவுக்கு மூன்று தரம் போன் எடுத்தேன். அவள் எடுக்கவில்லை.

பெப்ரவரி 26, புதன்
காலையில் நிரூபன் எடுத்தான். பொம்பிளைப் பிள்ளை. தாயும் பிள்ளையும் சுகம். மூக்கு அக்காவின்ட மூக்காம்.

“வீடியோ கோலில ஒருக்காக் காட்டன் தம்பி” என்றேன்.

அவன் மிதுஷாவிடம் கேட்டுவிட்டு வந்தான். “இப்ப வேண்டாமாம் மாமா. முப்பத்தொண்டு கழியட்டுமாம், பிறகு பாக்கலாமாம்.”

பிள்ளை பெத்த துடக்கைச் சொல்கிறாள், போனில் பார்ப்பதற்கும். முறைதானே. சரியென்று வைத்தேன்.

குளியலறைக் கதவைப் பூட்டிக்கொண்டு நெடுநேரம் அழுதேன். மனுசி வெளியே நின்று, “அக்காவை நினைச்சு இப்பவாவது அழுறீங்களே” என்றாள். நான் ஓம் என்றேன்.