ஒரே வரி மனு

சேசு மரி சூசை

பீடோர்ப் பக்கம், தோட்டப் பள்ளிக்கூட வீடு
14 பிப்ரவரி 1927

என் அன்புள்ள அண்ணன் சவரிநாதன் அவர்களுக்குத் தங்கச்சி கெர்ட்ரூட் தோத்திரம் சொல்லி எழுதுவது.

அண்ணியும் மருமகன் அலெக்சாண்டரும் சுகந்தானே? கிறிஸ்மசுக்கு வந்து போனவர்கள் ஊர் போய்ச் சேர்ந்ததாக ஒரு வரிகூடப் போடவில்லை. அண்ணிக்கு எங்கள் வீட்டுக் கிணற்றுத் தண்ணீர் ரொம்பப் பிடித்துவிட்டது. “இந்த மாதிரி வீடு ஈப்போவிலே எங்கே கெடைக்குது!” என்று நாலு தடவை சொன்னார்கள்.

எனக்குக் காய்ச்சல் விடவே மாட்டேன் என்கிறது. பத்து காஜா ஊர் ஆஸ்பத்திரியில் பத்து நாள் கிடந்துவிட்டு வந்தேன். தோட்டத்து ஆஸ்பத்திரி டிரசர் கொய்னா மாத்திரையைக் கையில் கொடுத்து, “டீச்சரம்மா, வெயில்ல அலையாதீங்க. அப்புறம் என்னைக் கேக்கக்கூடாது லா” என்கிறார்.

பாடம் சொல்லிக்கொடுப்பதில் எனக்கு ஒரு கஷ்டமும் இல்லை. ரப்பர்த் தோட்டத்தில் பால்மரம் வெட்டும் ராக்காயியின் மகள்கூட இப்போது எழுத்துக்கூட்டி வாசிக்கிறது. ஆனால் ஞாயிறுதோறும் ஞானோபதேசம் சொல்ல அடுத்த தோட்டத்துக்கு நாலு மைல் நடக்கவேண்டும் என்று பள்ளிக் கமிட்டி போட்ட உத்தரவு இருக்கிறதே, அதுதான் என்னைக் கொல்கிறது. போன வாரம் பாதி வழியில் மயங்கி விழுந்துவிட்டேன். டோரிஸ் பக்கத்தில் உட்கார்ந்து அழுதுகொண்டிருந்தாளாம். ஏழு வயதுப் பிள்ளை வேறு என்ன செய்யும்?

அவள் அப்பா கண்ணை மூடிய பிறகு இந்த வேலையும், வேலையோடு வந்த இந்த வீடும்தான் எங்களுக்கு. கமிட்டிக்கு நீங்கள்தானே காரியதரிசி? அந்த ஞாயிற்றுக்கிழமை நடையை மட்டும் நிறுத்திக் கொடுங்கள் அண்ணா.

உங்கள் தங்கச்சி
கெர்ட்ரூட்

*

ஈப்போ
20 பிப்ரவரி 1927

கண்ணான தங்கச்சிக்கு அண்ணனுடைய ஆசீர்வாதம்.

நீ விழுந்து கிடந்த இடத்தை வாசித்ததும் அண்ணி கண்ணைத் துடைத்துக்கொண்டாள். எனக்கும் சோறு இறங்கவில்லை.

கமிட்டி எப்படி நடக்கிறது என்று உனக்குத் தெரியாது. மூன்று மாதத்துக்கு ஒருமுறை, இரண்டாம் பூசை முடிந்ததும் ஐந்து பேர் கூடுவோம். காண்டிராக்டருக்குப் பசி. ரயில்வே ஆபீஸ் கிராணி உட்கார்ந்ததும் தூங்கிவிடுவார். தலைவரான பெரிய சுவாமியார் பிரான்சு தேசத்தார். சீனக் கிறிஸ்தவர்களின் கோவிலிலிருந்து மாறி வந்தவர். தமிழில் அவருக்கு வரும் ஒரே வார்த்தை ‘நல்லது’. மனுக்களை நான் இங்கிலீஷில் சொல்வேன். அவர் தலையாட்டுவார். நான் தீர்மானம் எழுதுவேன். இவ்வளவுதான் கமிட்டி.

ஆகையால் கதை எழுதாதே. ஞாயிறு, நாலு மைல், டோரிஸ் எல்லாம் வேண்டாம். நீட்டினால் அடுத்த கூட்டத்துக்குத் தள்ளிவிடுவார்கள். ஒரே வரி போதும்: ‘உடல்நலம் இல்லாதபடியால் என்னை ஊழியத்திலிருந்து விலக்கித் தரும்படி வேண்டுகிறேன்.’ கீழே கையெழுத்துப் போடு. மற்றதை நான் வாயால் சொல்லிக்கொள்கிறேன். மார்ச் 13 கூட்டம். அதற்கு முன்பே மனு வந்து சேரட்டும்.

கொய்னாவைத் தவறாமல் சாப்பிடு.

உன் அண்ணன்
சவரிநாதன்

*

24 பிப்ரவரி 1927

அன்புள்ள அண்ணனுக்கு,

சொன்னபடியே, ஒரு எழுத்துக் கூட்டாமல் குறைக்காமல் எழுதி இதோடு வைத்திருக்கிறேன். ‘வேலை’ என்று போடாமல் ‘ஊழியம்’ என்று போடச் சொன்னீர்கள் பாருங்கள், அதுதான் அண்ணன்! ஞாயிற்றுக்கிழமை ஞானோபதேசத்தைத்தானே இங்கே எல்லோரும் ஊழியம் என்கிறோம்.

நேற்று ராக்காயியிடம், “எங்க அண்ணன் இருக்கிற வரைக்கும் எனக்கு என்ன கொறை?” என்று பீற்றிக்கொண்டேன். உங்களுக்காக ஐம்பத்துமூன்று மணி செபமாலை சொல்கிறேன்.

கெர்ட்ரூட்

*

ஈப்போ
14 மார்ச் 1927

கனம் கெர்ட்ரூட் அம்மாள் அவர்களுக்கு,

நேற்றுக் கூடிய பள்ளிக் கமிட்டியார், தாங்களாகவே மனுச் செய்துகொண்டபடி, தங்களை ஆசிரியை ஊழியத்திலிருந்து விலக்க ஏகமனதாய்த் தீர்மானித்தார்கள். ஏப்ரல் 30ஆம் தேதி பள்ளிக்கூட வீட்டைக் காலி செய்து சாவியைப் புதிய ஆசிரியரிடம் ஒப்படைக்கவும். தங்கள் ஒன்பது வருட உழைப்பைக் கமிட்டியார் மெச்சுகிறார்கள்.

இப்படிக்கு,
சவரிநாதன், காரியதரிசி

*

18 மார்ச் 1927

அண்ணா,

இது என்ன கூத்து? தோத்திரம் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. ஞாயிற்றுக்கிழமைக்கு விலக்குக் கேட்டால் வேலையை விட்டே விலக்குவார்களா? நீங்கள் பக்கத்திலேயே இருந்தீர்களே! வாயால் சொல்கிறேன் என்றீர்களே, என்ன சொன்னீர்கள்?

தப்பாகிவிட்டது என்று சுவாமியாரிடம் ஒரு வார்த்தை சொல்லுங்கள். உங்களைத் தவிர வேறு யார் அவரிடம் பேச முடியும்? நான் பிள்ளையை இழுத்துக்கொண்டு எங்கே போவேன்? அண்ணனைத் தலையில் தூக்கி வைத்து ஆடினீர்களே டீச்சர் என்று ராக்காயி கேட்கிறாள். யார் அந்தப் புது ஆசிரியர்?

கெர்ட்ரூட்

*

ஈப்போ
25 மார்ச் 1927

அன்புத் தங்கச்சிக்கு,

ஆத்திரத்தில் எழுதியிருக்கிறாய். நான் கோபிக்கவில்லை. மனு உன் கையெழுத்து. வரி உன் வரி. சுவாமியார் ஒப்பமிட்ட தீர்மானத்தை நான் அழிக்க முடியுமா? அது பாவம்.

புது ஆசிரியர் வேறு யாருமில்லை, நம் அலெக்சாண்டர்தான். மூன்று இடத்தில் வேலை பார்த்தும் அவனுக்கு ஒத்துவரவில்லை. வைகாசி மாசத்தில் கல்யாணம் வேறு பேசியிருக்கிறோம். தனி வீடு இல்லாதவனுக்குப் பெண் கொடுக்க மாட்டோம் என்கிறார்கள். வீடு அந்நியரிடமா போகிறது? உன் மருமகனிடம்தானே.

அண்ணி ஒரு யோசனை சொல்கிறாள். கல்யாணம் வரைக்கும் அவனுக்குச் சமைத்துப் போட ஆள் வேண்டும். நீ சமையற்கட்டுப் பக்கம் பாய் போட்டுப் படுத்துக்கொள்ளலாம். டோரிஸ் பாத்திரம் துலக்கட்டும். இப்போதே பழகினால் நல்லது. இனி ஞாயிற்றுக்கிழமை நீ நடக்கவே வேண்டாம். அதைத்தானே கேட்டாய்?

சவரிநாதன்

*

23 மே 1927

சவரிநாதன் அவர்களுக்கு,

ஏப்ரல் 20ஆம் தேதி நடந்ததை நான் எழுத வேண்டியதில்லை, நீங்களும் அங்கே இருந்தீர்கள். ஆனாலும் எழுதுகிறேன். நீங்கள் அதை வேறு மாதிரி சொல்லிக்கொண்டு திரிவீர்கள்.

மனுவில் என்ன எழுத வேண்டும் என்று நீங்கள் சொல்லிக்கொடுத்த பிப்ரவரிக் கடிதத்தை எடுத்துக்கொண்டு, டோரிசைக் கூட்டிக்கொண்டு, ஈப்போவில் பெரிய சுவாமியாரின் பங்களாவுக்குப் போனேன். அந்தக் கடிதம் ஒன்று போதும் என்று நினைத்தேன். அவர் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பிறகு மணியை அடித்தார். மொழிபெயர்க்க ஆள் அனுப்பி உங்களைக் கூப்பிட்டார்.

நீங்கள் மூக்குக் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு உங்கள் கடிதத்தை நீங்களே வாசித்தீர்கள். எனக்கு இங்கிலீஷ் தெரியாது. ஆனால் அந்தக் கடிதம் எனக்கு மனப்பாடம். அதில் டோரிஸ் பெயர் இருக்கிறது. நீங்கள் வாசித்ததில் டோரிஸ் வரவே இல்லை. சுவாமியார் என்னைப் பரிதாபமாகப் பார்த்து, “நல்லது, நல்லது” என்றார். பிள்ளைக்கு ஒரு அந்தோணியார் படம் கொடுத்தார். நீங்கள் கடிதத்தை மடித்து உங்கள் சட்டைப் பையில் போட்டுக்கொண்டீர்கள். வாசல் வரைக்கும் வந்து, “எதுக்கு தங்கச்சி இந்த வெயில்ல அலையிறே, ஒடம்பு என்னத்துக்காகும்?” என்றீர்கள். அந்த நிமிஷம் நீங்கள் செத்துப்போனால் தேவலை என்று நினைத்தேன். இதுவரை பாவசங்கீர்த்தனத்தில் சொல்லவில்லை, சொல்லவும் மாட்டேன்.

உங்கள் மகன் வந்து சாவியை வாங்கிக்கொண்டு, “அத்தே, மத்தியானத்துக்கு என்ன சமையல்?” என்றான். இனி உன் வேலை அது என்று கரும்பலகையைக் காட்டிவிட்டு வந்துவிட்டேன்.

இப்போது ராக்காயியோடு பால்மரம் வெட்டப் போகிறேன். விடியுமுன்னே பெயர் கூப்பிடும் பெரட்டுக்கு நிற்கவேண்டும். அவளுடைய கூலி லயத்து அறையில் என்னைச் சேர்த்து ஏழு பேர். டோரிசுக்குக் கால் நீட்ட இடமில்லை. ஆகவே போன வெள்ளிக்கிழமை அவளைக் கன்னியர் மடத்தில் அநாதைப் பிள்ளைகளோடு விட்டேன்.

ஒரு தாளை நீட்டினார்கள். முழுவதையும் தமிழில் சொல்லச் சொல்லிக் கேட்டுவிட்டுத்தான் பேனாவைத் தொட்டேன். தாய்க்கு ஏதாவது ஆனால் பிள்ளையை யாரிடம் ஒப்படைப்பது, சொந்தக்காரர் யாராவது உண்டா என்று ஒரு கேள்வி இருந்தது. ஒருவரும் இல்லை என்று எழுதினேன். சொல்லிக்கொண்டேதான் எழுதினேன். டோரிஸ் என் சேலையைப் பிடித்து இழுத்து, “ஈப்போ மாமா இருக்காங்கல்லம்மா?” என்றாள்.

அறைந்துவிட்டேன். பிறந்ததிலிருந்து அவளை நான் அடித்ததில்லை. அந்த அழுகையோடேயே அவளை விட்டுவிட்டு வந்தேன்.

கெர்ட்ரூட்