யோரன்வீல் குளத்திற்குப் பழைய பெயரே வேண்டும்

அனுப்புநர்:
கெர்லோஃப் டீமன்ஸ்,
14, ஸோனமேர் தெரு,
ஆஸ்டர்வார்ட், கெல்டர்லாண்ட் மாகாணம், நெதர்லாந்து.

பெறுநர்:
மேயர் அவர்கள்,
நகராட்சி அலுவலகம்,
ஆஸ்டர்வார்ட்.

பொருள்: ஸோனமேர் எனப் பெயர் மாற்றப்பட்ட குளத்திற்கு, யோரன்வீல் என்ற முந்தைய பெயரையே மீண்டும் வழங்கக் கோருதல்.

பார்வை: சென்ற அக்டோபரில் நான் அளித்த மனு, ஜனவரியில் தங்கள் அலுவலகம் அனுப்பிய பதில்.

மதிப்பிற்குரிய அம்மையீர்,

1. நானும் என் மனைவி மார்யோலைனும் மூன்று ஆண்டுகளுக்கு முன் வடக்கே க்ரோனிங்கனிலிருந்து வந்து இங்கே குடியேறினோம். குளத்தைப் பார்த்துத்தான் வீட்டை வாங்கினோம். 'சூரிய ஏரி' என்று பொருள் தரும் ஸோனமேர் என்ற பெயர்ப்பலகையும், நகராட்சி கட்டித்தந்த மரப் படித்துறையும் அவளுக்கு மிகவும் பிடித்துப்போயின.

2. சென்ற ஜூலையில் வெயில் கடுமையாக இருந்த ஒரு நாள், மார்யோலைன் அந்தப் படித்துறையிலிருந்து குதித்தாள். அவள் சிறுவயது முதல் கடலில் நீந்தியவள். நான் கரையில் செர்ரிப் பழம் தின்றுகொண்டிருந்தேன். மேல்தண்ணீர் வெதுவெதுப்பாக இருந்தாலும், ஆழத்தில் உள்ள தண்ணீர் கோடையிலும் உறைய வைக்கும் குளிர்ச்சி உடையது; அந்த அதிர்ச்சியில் இதயம் நின்றிருக்கிறது என்று மருத்துவர் தெரிவித்தார். அவள் விளையாடுகிறாள் என்று எண்ணி நான் சிறிது நேரம் சிரித்துக்கொண்டிருந்தேன் என்பதையும் தங்கள் கவனத்திற்குக் கொண்டுவருகிறேன்.

3. அடக்கம் முடிந்து அனைவரும் காப்பி அருந்திக்கொண்டிருந்தபோது, குளத்திற்கு அப்பால் மாட்டுப்பண்ணை வைத்திருக்கும் டிர்க்யே அம்மையார் என்னருகே வந்து அமர்ந்தார். "கெர்லோஃப், அது வீலாச்சே. எங்க வீட்டுல யாரும் அதுல கால்கூட நனைக்க மாட்டோம்" என்றார். "வீல்னா சக்கரம்தானே? ஊர்ப் பெரியவங்க அப்படிச் சொல்றதைக் கேட்டப்போ, குளம் வட்டமா இருக்குன்னு அந்தப் பேருன்னு நினைச்சோம்" என்றேன். அவர் காப்பிக் கோப்பையைக் கீழே வைத்தார். பிறகு, "அன்னிக்கு அவ துண்டைத் தோள்ல போட்டுக்கிட்டுப் போனா. நான் கையசைச்சேன். சொல்லணும்னு தோணல. எல்லாருக்கும் தெரியும்னு இருந்துட்டேன்" என்று சொல்லி அழுதார். அவர்மீது எனக்கு எந்தக் குறையும் இல்லை.

4. இந்த ஆற்றுப் பகுதியில் எந்தப் பெயரும் அழகுக்காக வைக்கப்பட்டதல்ல. நம் ஊர்ப் பெயரில் உள்ள 'வார்ட்' ஆறு சூழ்ந்த தாழ்நிலத்தைக் குறிக்கும். 'வீல்' என்பது ஆற்றங்கரை உடைந்த இடத்தில் வெள்ளம் சுழன்று குடைந்துவிட்டுப் போன மடு. அப்படி உடைந்தபோது யோரன் என்பவரின் வீடும் குடும்பமும் போன இடம் இது என்று பழைய குடிகள் சொல்கிறார்கள். ஆக, யோரன்வீல் என்ற ஒரே சொல்லில் ஆழமும் இருந்தது, சாவும் இருந்தது. வீடுகள் விற்பனையாக வேண்டும் என்பதற்காக அந்தச் சொல் எடுக்கப்பட்டது.

5. முகவரிகளும் வரைபடங்களும் மாற வேண்டியிருக்கும் என்றும், குடியிருப்போர் விரும்பவில்லை என்றும் தங்கள் பதில் கூறுகிறது. அது உண்மைதான். என் பக்கத்து வீட்டு ருட்கர் தெருவில் நின்று, "ஆள் செத்த குளம்னு பேர்லயே எழுதி வெச்சா எவன் வீடு வாங்குவான்?" என்று கேட்டார். கேட்ட பிறகுதான் யாரிடம் கேட்கிறோம் என்பது அவருக்கு உறைத்தது. மறுநாள் ஆப்பிள் கேக் கொண்டுவந்து வாசலில் வைத்துவிட்டுப் போனார். இருப்பினும் பெயர் மாற்றத்துக்கான மனுவில் அவர் கையொப்பமிடவில்லை.

6. படித்துறைக்கு என் மனைவியின் பெயரைச் சூட்டத் தாங்கள் முன்வந்ததற்கு நன்றி. அதைப் பணிவுடன் மறுக்கிறேன். அங்கே மார்யோலைன் என்று எழுதினால், சில ஆண்டுகளில் அது யாரோ ஒரு பெண்ணின் இனிய பெயராகிவிடும். அதன் அடியில் நின்று பிள்ளைகள் குதிப்பார்கள்.

7. ஆகவே, நீச்சல் பருவம் தொடங்குவதற்குள் யோரன்வீல் என்ற பெயர்ப்பலகையை நிறுவி, அதன் பொருளை அனைவரும் படிக்கும்படி கீழே எழுதி, படித்துறையை அகற்ற ஆணையிடுமாறு வேண்டுகிறேன். இழப்பீடு எதுவும் கோரவில்லை.

வெயில் அடிக்கும் நாட்களில் நான் படித்துறையில் நின்று வருவோரிடம் விவரம் சொல்லி வருகிறேன். சிலர் கேட்டுத் திரும்பிவிடுகிறார்கள். சிலர் என்னைப் பைத்தியம் என்கிறார்கள். இம்மாத இறுதியில் வீட்டைக் காலி செய்து வடக்கே என் தங்கையிடம் போகிறேன். அதன் பிறகு அங்கே நின்று சொல்ல ஆள் இருக்காது.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
(ஒப்பம்)
கெர்லோஃப் டீமன்ஸ்

இடம்: ஆஸ்டர்வார்ட்
நாள்: 11.05.2023