மச்சாளோடு மீன் பார்க்கப் போனது

பெப்ரவரி 2, திங்கள்

ஒஸ்லோவில் கடும் குளிர். வாசலில் கொட்டிய உப்பு சப்பாத்தில் ஒட்டி, வீடு முழுக்க வெள்ளைத் தடம். நான் வேலை செய்கிற பார்னஹாகேயில், அந்தப் பாலர் பள்ளியில், பாதிப் பிள்ளைகளுக்கு மூக்கு ஒழுகுகிறது. நான் முகக்கவசத்தோடு கதை வாசித்தேன். ஒரு சின்னவள், கரடி எப்படிக் கதைக்கும் என்று வாயைக் காட்டச் சொல்லி அழுகை.

கப்பல் பயணத்துக்கு இன்னும் பத்து நாள்தான். வாங்க வேண்டியவை:

– நீண்ட கை நீச்சல் சட்டை, இருவருக்கும்
– சன் கிரீம் (பவளப் பாறைக்குக் கேடு செய்யாத வகை)
– கடல் சப்பாத்து
– குளிசை, இரண்டு மடங்கு. பாதி கைப்பையில், பாதி பெட்டியில்

என் கணவர் வசந்தன் வரவில்லை. பக்கத்து நெசொட்டனுக்குப் படகில் போனாலே அவருக்கு வயிற்றைப் பிரட்டும், கப்பல் எங்கே. ஆகவே நானும் அவருடைய அக்கா சாந்தி மச்சாளும் மட்டும்.

இதை எழுதும்போதுகூட நம்ப முடியவில்லை. லில்லெஸ்ட்ரோமில் தனியாக இருக்கிற, வருடத்துக்கு நாலு விசேஷத்தில் மட்டும் சந்திக்கிற ஒரு மனிதர், ஒருநாள் பின்னேரம் தேத்தண்ணி குடித்துக்கொண்டே, "வசந்தன்ர பொருந்தேல்லை எண்டால் என்ரையைப் பாக்கச் சொல்லும்" என்றார். பொருந்தியது. அவருடைய சிறுநீரகம் ஒன்று இப்போது எனக்குள் இருக்கிறது. இரண்டாவது மாரி இது. டயாலிசிஸ் கதிரையில் இல்லாமல் கப்பலுக்குப் பெட்டி அடுக்குகிறேன்.

ஆஸ்பத்திரியில் அவருடைய கட்டிலுக்கு எதிரே இருந்த தொலைக்காட்சியில் கடலுக்கடியில் மீன்கள் போயினவாம். இதை ஒருதரம் நேரில் பார்க்கவேண்டும் என்று தாதியிடம் சொல்லியிருக்கிறார். தாதி எனக்குச் சொன்னார். அதுதான் இந்தப் பயணம். தன் பங்கைத் தானே கட்டுவேன் என்ற நிபந்தனையோடுதான் மச்சாள் சம்மதித்தார்.

பெப்ரவரி 5, வியாழன்

பின்னேரம் முழுக்க இணையத்தில். கப்பல் நிற்கிற இடங்களில் பொனேர் தீவுதான் எங்களுக்குச் சரி. படகு தேவையில்லை, கரையிலிருந்தே இறங்கலாம். கரையோர வீதியில் மஞ்சள் நிறம் பூசிய கற்கள், ஒவ்வொன்றிலும் ஒரு இடத்தின் பெயர். கல்லைக் கண்டால் அங்கே கடலுக்குள் போகலாம் என்று அர்த்தம்.

படித்தது: மேற்குக் கரை அமைதி. காலையிலேயே போகவேண்டும். தண்ணீர் வெளிர் நீலத்திலிருந்து கடும் நீலமாக மாறுகிற கோட்டில்தான் மீன். தெற்கே உப்பளத்துக்குப் பக்கத்தில் ஓர் இடம் தெரிவு செய்தேன். எல்லாரும் புகழ்கிறார்கள்.

மச்சாளின் கண்ணாடி இலக்கத்தை வசந்தன் மூலம் கேட்டு, அதே இலக்கத்தில் நீர்க் கண்ணாடி வாங்கிவிட்டேன். வெறும் கண்ணால் அவருக்கு மீனும் தெரியாது, நானும் தெரியாது.

வைத்தியசாலைத் தாதியோடு தொலைபேசியில். போகலாம், வெயிலில் உடம்பை மூடுங்கள், காயம் பட்டால் உடனே நல்ல தண்ணீரில் கழுவுங்கள், கடல் தண்ணீரை விழுங்காதீர்கள். இரத்தப் பரிசோதனை நல்லாயிருக்கிறது. நன்றி, நன்றி என்று இரண்டு தரம் சொல்லி வைத்தேன்.

பெப்ரவரி 7, சனி

நீச்சல் குளம். முகத்தைத் தண்ணீருக்குள் வைத்து, மூச்சுக் குழாயைக் கடித்து வாயால் மூச்சு விடப் பழகினேன். முதலில் மூக்கு முழுக்கத் தண்ணீர். பிறகு பிடிபட்டது.

மச்சாள் தன் நீர்க் கண்ணாடியையும் குழாயையும் பையை விட்டு எடுக்கவே இல்லை. எனக்கு நீந்தத் தெரியும்தானே என்று குளத்தின் ஒரு முனையிலிருந்து மறுமுனைக்குப் போய்வந்துகொண்டிருந்தார். நன்றாக நீந்துகிறார். இங்கே வந்த பிறகு வளர்ந்தவர்களுக்கான வகுப்பில் படித்தது.

உடுப்பு மாற்றும் அறையில் அவருடைய தழும்பைக் கண்டேன். கண் அங்கேயே நின்றுவிட்டது. அவர் துவாயை இழுத்துப் போர்த்தினார். நான் ஏதோ சொல்லத் தொடங்க, "சரி சரி, தலையைத் துடையும், வெளியில குளிர்" என்றார்.

எப்போதும் இப்படித்தான். நான் நன்றி சொன்னால் அவர் வேறு கதை எடுப்பார். சத்திரசிகிச்சைக்கு முந்தி என் சமையலுக்குக் குறை சொல்வார், நானும் முகத்தை நீட்டுவேன். இப்போது இரண்டு பேரும் வங்கி வரிசையில் நிற்பவர்கள் மாதிரி மரியாதை.

பெப்ரவரி 14, சனி. கப்பலில்

நேற்று ஏறினோம். வெப்பம் முகத்தில் ஈரத் துணி மாதிரி. அறை சிறியது, வட்ட யன்னல் ஒன்று. மச்சாளுக்கு யன்னல் பக்கக் கட்டில் என்றேன். வேண்டாம் என்றார். தயவுசெய்து என்றேன். வாங்கினார், சந்தோஷம் இல்லாமல்.

சாப்பாட்டு மேசையில் நோர்வே தம்பதி. நீங்கள் சகோதரிகளா என்று கேட்டார்கள். நான் உடனே சிறுநீரகக் கதையைச் சொன்னேன். அந்த அம்மா கண்கலங்கி மச்சாளின் கையைப் பிடித்தார். மச்சாள் கையைக் கொடுத்தபடி தட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு தளத்துக்குத் தனியே போய்விட்டார்.

நேர மாற்றத்தால் குளிசை நேரம் குழப்பம். கைத்தொலைபேசி அலாரம் பார்த்துத்தான் எடுக்கிறேன்.

பெப்ரவரி 16, திங்கள். பொனேர்

இன்றைக்கு நிறைய எழுதவேண்டும். கை இன்னும் உப்பு.

காலை இறங்கியதும் வாடகை வான் ஒன்று பிடித்தோம். ஓட்டுநர் வாயாடியான ஒரு பெண், கண்ணாடியில் பேரப்பிள்ளைகளின் படம். தெற்கே போகப் போக வெள்ளை உப்பு மலைகள். ஒரு பக்கம் இளஞ்சிவப்புத் தண்ணீரில் பூநாரைகள். மச்சாள் யன்னல் கண்ணாடியை இறக்கிவிட்டு வாயைத் திறந்தபடி பார்த்தார். அதற்கே எனக்கு மனம் நிறைந்துவிட்டது.

நான் தெரிவு செய்த இடம் வந்தது. மஞ்சள் கல், பெயர், எல்லாம் படத்தில் பார்த்தபடி. கடல் மட்டும் அப்படி இல்லை. பாறையில் அலை அடித்து நுரை எழும்புகிறது. காற்று வழக்கமான திசையில் இல்லையாம், வருடத்தில் சில நாள் இப்படி வருமாம். இது நடக்கும், யாரையும் குறை சொல்ல முடியாது என்று ஓட்டுநர் தோளைக் குலுக்கினார். அவருக்கு வேறு ஆட்களை ஏற்ற வேண்டும். பின்னேரம் இரண்டு மணிக்கு இதே வீதியில் வந்து எடுப்பேன் என்று சொல்லிப் போய்விட்டார்.

மச்சாள் சப்பாத்தை மாட்டத் தொடங்கினார். வேண்டாம் என்றேன். கரையோடு நின்று பார்க்கலாம் என்றார். அலை இழுத்தால், பாறையில் அடிபட்டால் என்றேன். கடைசியில் சொல்லக்கூடாததைச் சொன்னேன், உங்களிடம் இருப்பது ஒன்றுதானே என்று.

அவர் குனிந்தபடியே இருந்தார். குரல் உயரவில்லை.

"ஒண்டு காணும் எண்டு சொல்லித்தானே வெட்டினவை. நான் வருத்தக்காரி இல்லை ராஜி. என்னைக் கண்ணாடிச் சாமான் மாதிரித் தூக்கிக்கொண்டு திரியாதையும்."

பிறகு எழுந்து வீதியில் வடக்குப் பக்கம் நடந்தார். நான் பைகளைத் தூக்கிக்கொண்டு பின்னால். வெயில் மண்டையைப் பிளந்தது. இரண்டு மஞ்சள் கற்களைத் தாண்டினோம், அங்கேயும் நுரை. மாதக் கணக்காகக் கனவு கண்ட நாளை நானே கெடுத்துவிட்டேன் என்று நினைத்தபடி நடந்தேன்.

கரை உள்ளே வளைகிற ஓர் இடம். பெயர்க் கல் இல்லை. மச்சாள் நின்றார்.

"இஞ்சை பாரும், செருப்பு கிடக்கு. ஆரோ உள்ளுக்க நிக்கினம்."

செடிக்கடியில் இரண்டு சோடி செருப்பு, கோயில் வாசலில் விட்டது போல் ஒழுங்காக. வளைவுக்குள் தண்ணீர் அசையாமல், வெளிர் நீலம், கொஞ்சத் தூரத்திலேயே கடும் நீலம். நான் படித்த கோடு.

காத்திருந்தோம். ஒல்லாந்துக் கிழத் தம்பதி நனைந்து வெளியே வந்தார்கள். வடிவாகச் சொல்லித் தந்தார்கள்: அந்த இரண்டு பாறைக்கு நடுவில் மணல், அதால் இறங்குங்கள். முதலில் நீரோட்டத்துக்கு எதிராகக் கொஞ்சம் போங்கள், திரும்பும்போது அதுவே கொண்டுவந்து விடும். எதிலும் கால் ஊன்றாதீர்கள். கண்ணாடிக்குள் துப்பித் தேய்த்தால் ஆவி படியாது. நாங்கள் இரண்டு பேரும் மரியாதையாகத் திரும்பி நின்று துப்பினோம்.

இடுப்பளவு தண்ணீர். வெதுவெதுப்பு. முகத்தை வைத்தேன். உடனே ஒரு மஞ்சள் மீன் கூட்டம் என் முழங்கையைச் சுற்றிப் போனது. சத்தம் போட்டுவிட்டேன், குழாய்க்குள்.

தலையைத் தூக்கிப் பார்த்தால் மச்சாள் அப்படியே நிற்கிறார். குழாயை வாயில் வைப்பதும் எடுப்பதும். நீந்தத் தெரிந்தவர், அலைக்குள் இறங்க நின்றவர், இந்தக் குளம் போன்ற தண்ணீரில் தயங்கி நிற்கிறார். கிட்டப் போனேன். கையைப் பிடித்தேன், குளிர்ந்திருந்தது.

குழாயைக் கையில் எடுத்து அதையே பார்த்தார். பிறகு:

"ஒப்பரேசன் முடிஞ்சு முழிச்ச நேரம் தொண்டைக்குள்ள குழாய். கத்த ஏலாது. செத்துப்போனன் எண்டு நினைச்சனான். இதை வாயில வைச்ச உடன அதே மாதிரிக் கிடக்கு."

"எனக்கு நீங்கள் சொல்லேல்லையே மச்சாள்."

"என்னெண்டு சொல்லுறது? நீர் சந்திக்கிற நேரமெல்லாம் கும்பிடாத குறையாய் நிக்கிறீர். பயந்தனான் எண்டு சொன்னால் உமக்கு இன்னும் பாரம். நீர் நன்றி சொல்லுற ஒவ்வொருக்காலும் நான் திரும்ப அந்தக் கட்டிலுக்குத்தான் போறன். அதை விடும், ராஜி. நான் தந்தது தந்ததுதான்."

நன்றி என்ற சொல் நாக்கு நுனிவரை வந்தது. விழுங்கினேன். பிறகு அவருடைய கண்ணாடியிலிருந்து குழாயைக் கழற்றி என் சட்டைக்குள் செருகினேன். என்னுடையதையும் கழற்றினேன். குழாய் இல்லாமல் பார்ப்போம், மூச்சுப் பிடிக்கிற அளவுக்குப் பார்த்தால் போதும் என்றேன்.

அப்படியே பார்த்தோம். கையைக் கோத்துக்கொண்டு, ஒரு மூச்சு உள்ளே, ஒரு மூச்சு வெளியே. முதல் தரம் மணல். அடுத்த தரம் ஊதா விசிறி மாதிரி ஏதோ ஆடுகிறது, அதன் நடுவில் குச்சி போல ஒரு மீன் தலைகீழாக நிற்கிறது, தன்னை யாரும் காணவில்லை என்ற நினைப்பில். கிளி மீன்கள் பாறையைக் கடிக்கிற சத்தம் தண்ணீருக்குள் கேட்கிறது, முறுக்குக் கடிப்பது போல. அதை எந்த இணையத்திலும் நான் படிக்கவில்லை. மேலே வந்து மச்சாள் கேட்டார், சத்தம் எனக்கும் கேட்டதா என்று. ஓம் என்றேன். திரும்ப உள்ளே.

கணவாய் மீன்கள். உயிரோடு, ஒரே வரிசையில், அளவெடுத்த மாதிரி. பெரிய கண்ணால் எங்களைப் பார்த்தன. நாங்கள் மூச்சு முட்டி மேலே வந்தோம், திரும்பிப் போனோம், அவை அங்கேயே நின்றன. மச்சாள் என் கையை நசுக்கினார்.

மேலே வந்து, "இனி உதைக் கறி வைக்கேலாது போல கிடக்கு" என்றார். கண்ணாடிக்குள் அவருடைய கண் சிவந்திருந்தது. உப்பா வேறேதுமா என்று கேட்கவில்லை.

விரல் நுனி சுருங்கும்வரை நின்றோம். ஒரு காயமும் இல்லை. கரையில் இருந்து பிஸ்கற் சாப்பிட்டோம். வான் சொன்ன நேரத்துக்கு வந்தது. ஓட்டுநர், மீன் கண்டீர்களா என்று கேட்டார். மச்சாள்தான் வழி முழுக்கப் பதில் சொன்னார், கையால் கணவாயின் நீளத்தைக் காட்டியபடி.

பெப்ரவரி 17, செவ்வாய். கடலில்

நாள் முழுக்கக் கடல். பின் கழுத்து எரிகிறது, அங்கே கிரீம் பூச மறந்திருக்கிறோம்.

காலைச் சாப்பாட்டில் அந்த நோர்வே தம்பதி மறுபடியும். எப்படி இருக்கிறார் உங்கள் தேவதை என்று என்னிடம் கேட்டார்கள். மச்சாள் கணவாய் பார்த்தார் என்று மட்டும் சொன்னேன். மிச்சத்தை மச்சாள் பேசட்டும் என்று பழம் எடுக்கப் போனேன்.

அறையில் கதைத்தோம். சத்திரசிகிச்சையைப் பற்றி முதல்தரம், முழுதாக. அவர் பயந்தது. நான் பயந்தது. அவருக்கு மூன்று மாதம் கைச் சுமை தூக்க முடியாமல் இருந்தது எனக்குத் தெரியவே தெரியாது. தனியாகக் கடைக்குப் போய், பாலை ஒவ்வொரு பெட்டியாக வாங்கி வந்தாராம். மன்னிப்புக் கேட்கவும் இல்லை, நன்றி சொல்லவும் இல்லை. கேட்டுக்கொண்டிருந்தேன். அது கஷ்டமாக இருந்தது.

பிறகு அவர் நித்திரை. குறட்டை விடுகிறார். கப்பலில் ஏறிய பிறகு அவர் குறட்டை விட்டு நான் கேட்டது இன்றைக்குத்தான். நல்லாயிருக்கிறது.

பெப்ரவரி 24, செவ்வாய். ஒஸ்லோ

திரும்பி வந்து மூன்று நாள். வெளியே கொட்டோ கொட்டென்று பனி. நீச்சல் சட்டைகள் குளியலறையில் காய்கின்றன, வீடு கடல் மணக்கிறது. வசந்தனுக்குக் கிளி மீன் சத்தத்தைச் செய்து காட்டினேன், முறுக்கு இல்லாததால் பாண் துண்டை வாட்டிக் கடித்து. பரிசோதனைக்கு இரத்தம் கொடுத்தாயிற்று. நல்லாயிருக்கும்.

இப்போதுதான் மச்சாளின் அழைப்பு. கார் பற்றரி செத்துவிட்டதாம். நாளைக்கு ரயிலும் இல்லை, பதிலுக்கு பஸ்தானாம்.

"காலமை ஆறுக்கு வந்து என்னை வேலைக்கு ஏத்திக்கொண்டு போய் விடும். விசேஷங்களுக்கு வாற மாதிரிப் பிந்தி வந்து நிக்காதையும். வரேக்க அந்தக் கத்தரிக்காய்ப் பொரியலில கொஞ்சம் கொண்டு வாரும், உப்பைக் குறைச்சுப் போடும்."

இத்தனை காலத்தில் அவர் என்னிடம் கேட்கிற முதல் உதவி. ஓம் என்றேன், அவ்வளவுதான். கத்தரிக்காய் வெட்டி வைத்துவிட்டேன். வெளியே போய்க் கார்க் கண்ணாடிப் பனியை இப்பவே ஒருதரம் சுரண்டவேண்டும்.