மண் பிடித்து வைக்காத உரம்

திருவனந்தபுரம்
கொல்லம் 1112, ஆனி

சௌபாக்கியவதி முத்தாரம்மாளுக்கு,

நான் சுகம். நீயும் மகளும் சுகந்தானா? உன் மூட்டுவலி தேவலையா?

இங்கே ஒரு சின்ன விஷயம் நடந்தது, பயப்படாதே. துரைமார் பந்து விளையாடும் கிளப்பின் புல்தரைக்கு, நம் வயலுக்குப் போடுவதுபோல, மழைக்கு முன்னால் தொழுவுரம் முழுவதையும் ஒரேயடியாகப் போட்டேன். மழை அடித்துப் பெய்தது. புல் மஞ்சளாகிவிட்டது. தண்ணீர் வடியும் ஓடைக்கரையில் மட்டும் முழங்கால் உயரத்துக்குப் பச்சை! மேஸ்திரி கேசவபிள்ளை சிரித்துவிட்டார்.

“எடோ தாணு, இது உங்க நாட்டுக் களிமண்ணு இல்ல, மணலாக்கும். மொத்தமா கொடுத்தா பிடிச்சு வைக்காது. கொஞ்சங் கொஞ்சமா, அடிக்கடி கொடுக்கணும்.”

ஓணத்துக்குள் பச்சை திரும்பாவிட்டால் வேலை போய்விடுமாம். எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. தினமும் புல்லை வெட்டி வெளியே கொட்டச் சொல்கிறார்கள். ஒரு மாடுகூட உள்ளே வரக் கூடாதாம். பிறகு, மண் ஏன் மெலிந்தது என்று என்னையே கேட்கிறார்கள்.

அஞ்சல்காரர் வந்துவிட்டார். நல்லெண்ணெய் கொஞ்சம் கொடுத்தனுப்பு. தீபாவளிக்குத் தீபாவளி நாலு பக்கம் எழுதுகிறாயே, அது மறுநாளே தீர்ந்துவிடுகிறது. வாரம் ஒரு கார்டு போடு. இரண்டு வரி போதும்.

தாணுமாலயன்