கரங்கானுக்கு வர வேண்டாம்

கரங்கான் தோட்டம், கெடா, மலாயா
10 ஜூலை 1943

அன்புத் தங்கை பிச்சையம்மாளுக்கு,

நானும் உன் அண்ணி காளியம்மாவும் உயிரோடிருக்கிறோம். இந்தக் காலத்தில் அதற்குமேல் சுகம் கேட்கக்கூடாது. கிள்ளானில் மரவள்ளிக்கிழங்குகூடக் கிடைக்கவில்லை என்று எழுதியிருந்தாய். அதைக் கேட்டதும் உன் அண்ணி சோற்றுத் தட்டைத் தள்ளிவிட்டாள்.

பேசாமல் மாப்பிள்ளையையும் குழந்தையையும் கூட்டிக்கொண்டு இங்கே வந்துவிடு. கெடா நெல் விளைகிற சீமை. பழைய வேட்டி ஒன்று கொடுத்தால் பத்து நாளைக்கு அரிசி தருகிறார்கள். எங்கள் வீட்டிலேயே தங்கலாம். புஷ்பவள்ளிக்கு மூன்று வயதாகிறது, இன்னும் காது குத்தவில்லை. தாய்மாமன் மடி இங்கே காலியாகத்தான் இருக்கிறது.

உன் அண்ணன்,
தர்மலிங்கம்

கிள்ளான்
26 ஜூலை 1943

அன்புள்ள அண்ணனுக்கு,

உங்கள் மாப்பிள்ளை கடிதத்தை மூன்று முறை படித்தார். எதையும் மூன்று முறை யோசிக்கிறவர் என்று உங்களுக்குத்தான் தெரியுமே. "ஜப்பான்காரன் கெடாவ சயாம்காரனுக்குக் கொடுக்கப் போறான்லா. அப்புறம் நாம எந்த நாட்டு ஆளு?" என்கிறார். மலையோரப் பனி குழந்தைக்கு ஒத்துக்கொள்ளுமா என்றும் கேட்கிறார். இருக்கிற இரண்டு புடவையும் ரயில் செலவுக்கே போய்விடும். வந்த பிறகு அரிசிக்குக் கொடுக்கத் துணி இருக்காது.

ஆனால் நேற்று புஷ்பா சுவர் மண்ணைச் சுரண்டித் தின்றாள். அதைப் பார்த்துவிட்டு, "போலாம் பிச்சை" என்றார். பயண அனுமதிச் சீட்டுக்கு எழுதிக் கொடுத்திருக்கிறோம்.

தங்கை,
பிச்சையம்மாள்

கரங்கான்
9 ஆகஸ்ட் 1943

அன்புத் தங்கைக்கு,

கொஞ்சம் பொறு. மாப்பிள்ளை யோசித்ததுதான் சரி, நான் அவசரப்பட்டுவிட்டேன். இங்கே மழை விடவில்லை. வீட்டுக்கு வீடு காய்ச்சல், மாத்திரை கிடையாது. அரிசியும் முன்போல் இல்லை. சயாம்காரன் வந்தால் என்ன சட்டம் போடுவானோ தெரியாது. அடுத்த வருஷம் பார்க்கலாம்.

தர்மலிங்கம்

கிள்ளான்
20 ஆகஸ்ட் 1943

அண்ணா,

போன மாதம் நெல் விளைந்த சீமையில் இந்த மாதம் காய்ச்சல் விளைகிறதா? அண்ணி தள்ளிய தட்டைத் திரும்ப இழுத்துக்கொண்டார்களா? கோபித்துக்கொள்ளாதீர்கள், பசி பேசுகிறது. நாங்கள் சும்மா உட்கார்ந்து தின்ன மாட்டோம். அவர் காடு வெட்டுவார், நான் கிழங்கு நடுவேன். அனுமதிச் சீட்டு வந்துவிட்டது. செப்டம்பர் பத்தாம் தேதி கூலிம் டவுனுக்கு வந்து எங்களைக் கூட்டிப் போங்கள்.

பிச்சையம்மாள்

கரங்கான்
1 செப்டம்பர் 1943

பிச்சையம்மாளுக்கு,

வராதே. இன்னொரு குடும்பத்துக்குச் சோறு போட எனக்கு வழியும் இல்லை, மனமும் இல்லை. கூலிமுக்கு வரமாட்டேன். நீங்களாக வந்தாலும் கதவு திறக்காது.

தர்மலிங்கம்

கரங்கான்
20 ஜனவரி 1944

தங்கச்சி,

இதைத் துணி வியாபாரி ராமையா கையில் கொடுத்தனுப்புகிறேன். தபாலில் போட்டால் பிரித்துப் படிக்கிறார்கள். அந்தப் பயத்தில்தான் அப்போது உண்மையை எழுதவில்லை.

உன்னைக் கூப்பிட்ட மூன்றாம் வாரம் காலைப் பெரட்டில், ஆள் கணக்கெடுக்க எல்லாரையும் நிற்கவைத்திருந்தபோது, ஜப்பான்காரன் உத்தரவு ஒன்றை வாசித்தார்கள். ஒரு வீட்டில் இரண்டு ஆண்கள் இருந்தால் ஒருவன் சயாம் ரயில் ரோட்டு வேலைக்குப் போக வேண்டும். பக்கத்து வீட்டு வீரசாமியின் தம்பியை அன்றே லாரியில் ஏற்றினார்கள். ஆகஸ்டிலேயே அங்கிருந்து தப்பி வந்த ஒருவன், "ஈசல் மாதிரி சாவறாங்கண்ணே" என்று சொல்லி அழுதான். மாப்பிள்ளை வந்திருந்தால் எங்கள் வீட்டிலும் இரண்டு பேர்.

அவரைக் காப்பாற்றத்தான் அப்படி எழுதினேன் என்று சொல்ல உட்கார்ந்தேன். அது பாதி உண்மைதான் அம்மா. "ரெண்டு பேர்ல எவன்டா போறான்?" என்று கேட்டால் நான் முன்னால் வருவேனா என்று தினமும் என்னையே கேட்டுப் பார்த்தேன். வரமாட்டேன் என்றுதான் தோன்றியது.

இப்போது ரயில் ரோடு முடிந்துவிட்டதாம். கெடாவும் சயாமுக்குப் போய்விட்டது, ஆள் பிடிப்பதில்லை. திட்டிக்கொண்டாவது வந்து சேருங்கள். எந்தத் தேதி என்று சொல், கூலிமில் நிற்கிறேன்.

உன் அண்ணன்,
தர்மலிங்கம்

கிள்ளான்
14 பிப்ரவரி 1944

அண்ணனுக்கு,

ராமையா அண்ணன் வாசலில் காத்திருக்கிறார். சுருக்கமாக எழுதுகிறேன்.

நீங்கள் செப்டம்பரில் எழுதிய கடிதத்தை உங்கள் மாப்பிள்ளை மூன்று முறை படிக்கவில்லை. ஒரு முறைதான் படித்தார். மறுநாள் பெரட்டில், ரயில் வேலைக்கு வருகிறவன் குடும்பத்துக்கு மாதாமாதம் அரிசி என்று சொன்னார்கள். யாரும் அவரைப் பிடிக்கவில்லை, தானாகக் கையைத் தூக்கினார். "ஒங்கண்ணன் என்ன செய்வாரு பாவம், அவர ஒண்ணும் சொல்லாத" என்று சொல்லிவிட்டுத்தான் லாரியில் ஏறினார். இரண்டு மாதம் அரிசி வந்தது. பிறகு நின்றுவிட்டது. ஏன் நின்றது என்று ஆபீசில் கேட்க எனக்குப் பயமாக இருக்கிறது.

நீங்கள் பயந்ததைத் தப்பென்று சொல்ல மாட்டேன். எனக்கும் இப்போது பயம்தான். ஆனால் ரயில் ரோட்டுக்குப் போனவர்கள் சாகிறார்கள் என்று உங்களுக்குத் தெரிந்திருந்தது. அவருக்குத் தெரியாது.

நாங்கள் வரவில்லை. அவர் திரும்பி வந்தால் இங்கேதான் தேடுவார்.

தை கடைசியில் புஷ்பாவுக்குக் காது குத்தினேன். தாய்மாமன் யார் என்று ஆசாரி கேட்டார். பக்கத்து வீட்டு மனோகரனைக் காட்டி இவர்தான் என்று சொல்லி, அவர் மடியில் உட்காரவைத்தேன்.

பிச்சையம்மாள்